அறுத்த நாலு மணி நேரத்துக்குள்: பச்சைத் தோலை உப்பிட்டுக் காக்கும் முறை

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பழைய வடார்க்காட்டின் இந்தத் தோல் ஊர்களில் ஒரு தோல் முதல் தரமாகப் போகுமா, கழிவாகப் போகுமா என்பது அது தோல் ஷாப்புக்குள், அதாவது பதனிடும் ஆலைக்குள், நுழையும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. கறிக்கடையிலும் தோல் மண்டியிலும் நேர்ந்த தவறை, டிரம்மில் எந்தக் கெமிக்கலைப் போட்டாலும் திருப்ப முடியாது. இங்கே சொல்வது வெள்ளாடு, செம்மறி, எருமை, மாட்டுத் தோல்களுக்கான முறை. காட்டு விலங்கின் தோல் இந்தப் பேச்சிலேயே வராது. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி மான், காட்டுப்பன்றி போன்றவற்றை வேட்டையாடி எடுத்த தோலைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

தோல் ஏன் கெடுகிறது

பச்சைத் தோலில் 60 முதல் 65 சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதம். இந்த இரண்டும் போதும், பாக்டீரியாவுக்குப் பந்தி போட்ட மாதிரி. ஆடு உயிரோடு இருக்கும்வரை உடம்பு அவற்றைத் தடுக்கிறது. அறுத்த பிறகு தடுக்க ஆள் இல்லை. மயிரில் ஒட்டிய சாணம், தரையில் கிடக்கும் ரத்தம், கத்தி, கை எல்லாவற்றிலிருந்தும் அவை தோலில் ஏறுகின்றன. 37, 38 டிகிரி வெயிலில் சில வகைகள் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மயிர்க்காலைச் சுற்றியுள்ள மென்மையான பகுதியைத்தான் அவை முதலில் தின்னும். அதனால் நாற்றம் வருவதற்கு முன்பே வயிற்றுப் பக்கத்து மயிரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அது நடந்துவிட்டால் உப்பு போட்டு மேலும் கெடாமல் நிறுத்தலாமே தவிர, தோலின் மேற்பரப்பில் விழுந்த அரிப்பை மீட்க முடியாது.

வேலூர் வெயிலில் நாலு மணி நேரம்தான் கணக்கு. சித்திரை, வைகாசியில் அதையும் மூன்றாக எண்ணிக்கொள்வது நல்லது. மார்கழிக் காலையில் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஆனாலும் "சாயங்காலம் மண்டிக்காரர் வரட்டும், அவரே உப்பு போடுவார்" என்று எந்த மாதத்திலும் விடாதீர்கள்.

உரிக்கும்போது

தோலில் பாதி நஷ்டம் கத்தியால் வருகிறது. ஷூ மேல்பாகத்துக்குப் போகும் ஆட்டுத் தோல் முடிவில் ஒரு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். சதைப்பக்கத்தில் கத்தி ஆழமாக இழுத்த கோடு, பச்சையாக இருக்கும்போது கண்ணுக்கே தெரியாது. தோல் ஷாப்பில் சீவி மெல்லிதாக்கும்போது அது ஓட்டையாகத் திறக்கும். நடு முதுகில் ஒரு ஓட்டை விழுந்தால், அந்தத் தோலில் பெரிய துண்டே வெட்ட முடியாது.

ஆட்டைத் தொங்கவிட்டு உரிப்பதே நல்லது. தரையில் போட்டு உரித்தால் ரத்தமும் சாணமும் சதைப்பக்கத்தில் ஏறும், சிமெண்டுத் தரை மயிர்ப்பக்கத்தைக் கீறும். கிழிப்புக் கோடுகள் நேராக இருக்க வேண்டும்: கழுத்திலிருந்து நெஞ்சு நடுவாக, தொப்புள் வழியாக, வாலடி வரை ஒரே கோடு. முன்னங்கால்களில் முட்டியின் உள்பக்கத்திலிருந்து நெஞ்சு முனைக்கு. பின்னங்கால்களில் உள்பக்கமாக ஆசனவாய் அருகில் வந்து சேரும்படி. தலையும் காலும் நம் ஊரில் தீயில் வாட்டிச் சமைக்கப் போவதால் கழுத்தோடும் முட்டியோடும் தோல் நின்றுவிடும், அதில் தவறில்லை. கோடு ஒரு பக்கமாகக் கோணினால்தான் தோல் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல் என்று வந்து அளவு போய்விடுகிறது.

கோடு கிழிக்க மட்டும் கூரான முனை. அதற்குப் பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விட்டுத் தள்ள வேண்டும். சூடு ஆறுவதற்குள் செய்தால் ஆட்டுத் தோல் முஷ்டிக்கே வந்துவிடும். ஒட்டிக்கொள்ளும் இடங்களில் மட்டும் முனை மழுங்கிய வளைவுக் கத்தியை, அதன் வாய் சதையைப் பார்த்தபடி பிடியுங்கள். தோலைப் பார்த்துப் பிடித்தால் வெட்டு நிச்சயம். எருமைக்கு முஷ்டி மட்டும் போதாது, கத்தி கட்டாயம் வேண்டும். ஆகவே அங்கே இந்தக் கவனம் இரட்டிப்பாகத் தேவை.

உரித்ததும் காது, உதடு, மடிக்காம்பு, தொங்கும் சதை, கொழுப்புக் கட்டி இவற்றை நறுக்கி எறியுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடுபவர்கள் நிறைய. உப்பு சதைப்பக்கம் வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது. மயிர்ப்பக்கத்தின் மேல்தோல் அதை எளிதில் விடாது. சதைப்பக்கத்தில் கொழுப்பு ஒட்டியிருந்தால் அந்த இடத்துக்கு வாசலே அடைத்த மாதிரி. உப்பு மேலே வெள்ளையாகக் கிடக்கும், அடியில் தோல் அழுகிக்கொண்டிருக்கும்.

கழுவுவதும் ஆறவைப்பதும்

ரத்தமும் சாணமும் இருந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரைச் சதைப்பக்கத்தில் விட்டு வேகமாக அலசுங்கள். ஊறவைக்கக் கூடாது. வெந்நீர் ஆகவே ஆகாது. பச்சைத் தோல் 60 டிகிரியைத் தாண்டினால் சுருங்கிக் கூழாகும். அலசிய தோலைக் கம்பத்தில் அரை மணி நேரம் போட்டுத் தண்ணீரை வடியுங்கள். சொட்டச் சொட்ட உப்பிட்டால் உப்பெல்லாம் அந்தத் தண்ணீரோடு ஓடிவிடும்.

ஆட்டின் உடல் சூடு 39 டிகிரி. அந்தச் சூட்டோடு தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் நடுவில் உள்ளவை மணிக்கணக்கில் ஆறாது. நிழலில், சுத்தமான தரையில், சதைப்பக்கம் மேலே இருக்கும்படி தனித்தனியாக விரித்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைப்பது மிக மோசமான பழக்கம். உள்ளே வேர்த்து, காற்றும் இல்லாமல், இரண்டு மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும். வெயிலில் போட்டு ஆறவைக்கவும் கூடாது.

எந்த உப்பு, எவ்வளவு

கல் உப்பு வேண்டும். ஒரு மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரையிலான பரல். மாவு மாதிரி நைஸ் உப்பு மேற்பரப்பில் சட்டென்று கரைந்து வழிந்துவிடும், இல்லாவிட்டால் கட்டியாக ஒட்டும். பெரிய கட்டிக் கல்லோ தோலில் பள்ளம் பதிக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உப்புப் படாத இடம் இருக்கும். மரக்காணம், தூத்துக்குடி, வேதாரண்யம் எங்கிருந்து வந்தாலும் உப்பு வெள்ளையாக, மண் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு நிறம் இரும்பைக் காட்டலாம். ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிடும் தோலில் இரும்பு பட்ட இடம் மைக்கறை போலக் கருநீலமாக நிற்கும். பாத்தியிலிருந்து அப்போதே வாரிய ஈர உப்பைவிட, குவித்துவைத்து நாள்பட்டுக் காய்ந்த உப்பு மேல். உப்பிலேயே வாழும் சிவப்புப் பாக்டீரியா பழைய உப்பில் குறைந்திருக்கும்.

அளவு, தோல் எடையில் 40 சதவீதம். இது ஏன் 40 என்று தெரிந்துகொண்டால் யாரும் குறைக்க மாட்டார்கள். இரண்டு கிலோ ஆட்டுத் தோலில் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் உப்பை முழுதாக வாங்கிக்கொள்ள 360 கிராம் வேண்டும். ஒன்றேகால் லிட்டருக்கு 450 கிராம். வடிந்து போகும் தண்ணீர் தன்னோடு எடுத்துச் செல்லும் உப்பு, கரையாமல் மேலே நிற்க வேண்டிய உப்பு இரண்டையும் சேர்த்தால் 800 கிராம் வந்து நிற்கிறது. பாதி போட்டால், உள்ளிருக்கும் தண்ணீர் அரைகுறை உப்புக் கரைசலாகவே இருக்கும். அதில் பாக்டீரியா மெதுவாக வளரும், சாகாது. ஒரு வாரம் நன்றாகத் தெரிந்து, பத்தாம் நாள் மயிர் கழன்று வரும் தோல்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

அதிகம் போடுவதிலும் லாபமில்லை. தண்ணீர் ஏற்றுக்கொண்டது போக மீதி தோலுக்கு வேலை செய்யாது. அந்த மீதி அப்படியே தோல் ஷாப்பின் ஊறல் தொட்டியில் கரைகிறது. கழிவுநீரில் கரைந்த உப்பை நுண்ணுயிர்த் தொட்டிகள் எதுவும் செய்ய முடியாது. ஆவியாக்கித்தான் பிரிக்க வேண்டும். பிரித்த உப்பும் அழுக்கோடு கலந்து, எடுப்பாரில்லாமல் குவிகிறது. பாலாற்றங்கரைக் கிணறுகள் எப்படி உவர்த்தன என்பது இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் இந்தக் கழிவுநீரைப் பற்றித்தான். கணக்காக எடை போட்டு உப்பு போடுவது தோலுக்கும் நல்லது, கிணற்றுக்கும் நல்லது. கைப்பிடிக் கணக்கை விட்டு ஒரு தராசு வாங்கி வையுங்கள்.

உப்போடு சலவைச் சோடாவும் நாப்தலீனும் சேர்ப்பது உண்டு. 100 கிலோ உப்புக்கு ஒன்றிலிருந்து இரண்டு கிலோ சோடாவும், ஒரு கிலோ நாப்தலீன் தூளும். சோடா சிவப்புப் பாக்டீரியாவை அடக்கும், நாப்தலீன் வண்டைத் தள்ளிவைக்கும். ஒரு வாரத்துக்குள் ஷாப்புக்குப் போய்விடும் தோலுக்கு இவை தேவையில்லை. போரிக் அமிலத்தைச் சிறிது சேர்த்து உப்பை வெகுவாகக் குறைக்கும் முறையைச் சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. ஆனால் ஏற்றுமதிக்குச் செய்பவர்களில் சிலர் போரிக் அமிலத்தை ஏற்பதில்லை. வாங்குபவரைக் கேட்காமல் கலக்காதீர்கள்.

உப்பிடும் முறை

தரை சாய்வாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் தேங்கக் கூடாது. மரச் சட்டத்தின்மேல் உப்பை மெல்லப் பரப்பி, முதல் தோலை மயிர்ப்பக்கம் கீழாக விரியுங்கள். 40 சதவீதத்தில் 30ஐ இப்போது போடுங்கள். அதாவது இரண்டு கிலோ தோலுக்கு 600 கிராம். கனமான கழுத்திலும் முதுகுத் தண்டிலும் தொடங்கி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, ஓரங்களுக்கு வாருங்கள். கால் பக்கத்து ஓரங்கள் சுருண்டுகொள்ளும். விரலால் ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே உப்புப் படுகிறதா என்று பாருங்கள். அழுகல் தொடங்கும் இடங்களைக் கணக்கெடுத்தால், இந்தச் சுருளும் மடிப்பும்தான் முன்னே நிற்கும்.

அடுத்த தோலை அதன்மேல் அதேபோல், இதுவும் சதைப்பக்கம் மேலாக. அடுக்கின் நடு கொஞ்சம் மேடாக இருந்தால் தண்ணீர் ஓரத்துக்கு வடியும். பள்ளமாக இருந்தால் நடுத் தோல்கள் தண்ணீரில் ஊறும். இடுப்பு உயரத்துக்கு மேல் போகாதீர்கள். உயரம் கூடினால் கீழே உள்ளவை நசுங்கும், சூடும் வெளியேறாது. வடியும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள், தெருவில் விடாதீர்கள். அதை மறுபடி தோலுக்குத் தெளிக்கவும் கூடாது. ரத்தமும் கரைந்த புரதமும் அதில்தான் இருக்கின்றன.

மறுநாள், அதிகம் போனால் இரண்டாம் நாள், அடுக்கைப் பிரித்து மாற்றி அடுக்க வேண்டும். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. மீதி 10 சதவீதத்தை இப்போது, முதல் நாள் உப்பு முழுக்கக் கரைந்துபோன இடங்களில் போடுங்கள். ஆட்டுத் தோல் இப்படி மூன்று நாளில் பக்குவமாகும்.

எருமைத் தோலுக்கு அதே முறைதான், பொறுமை மட்டும் அதிகம் வேண்டும். 25, 30 கிலோ தோலுக்கு 10 முதல் 12 கிலோ உப்பு. கழுத்தும் பின்பக்கமும் மிகக் கனமானவை. அங்கே உப்பு நடுவரை இறங்க ஒரு வாரம் ஆகும், சில சமயம் அதற்கும் மேல். மேலே விறைப்பாக இருக்கிறது என்று மூன்றாம் நாளே மடித்துக் கட்டிய எருமைத் தோல், நடுவில் வெந்த மாதிரி கெட்டிருக்கும். இரண்டாக முதுகோடு வெட்டி உப்பிட்டால் வேலை எளிது. ஆனால் பாதித் தோலாக வாங்குவாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்குவம் வந்ததா

கழுத்துப் பக்கம் தோலை மடித்துக் கையால் இறுக்கிப் பிழியுங்கள். சொட்டுத் தண்ணீர் வந்தால் இன்னும் ஆகவில்லை. சதைப்பக்கம் மங்கலான வெள்ளையாக இருக்க வேண்டும், சிவப்போ வழவழப்போ கூடாது. கரையாத உப்புப் பரல் கொஞ்சமாவது மேலே மின்ன வேண்டும். அது இருந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் இனி உப்பை வாங்காது என்று பொருள். கடைசியாக வயிற்றோரத்திலும் வாலடியிலும் மயிரை இழுத்துப் பாருங்கள். கனமான எருமைத் தோலில் கழுத்தோரத்தில் சிறிதாக வெட்டி, வெட்டு முகம் முழுக்க ஒரே நிறமா என்று பாருங்கள். நடுவில் நீலம் கலந்த ஜெல்லிக் கோடு தெரிந்தால் உப்பு எட்டவில்லை.

சதைப்பக்கத்தில் இளஞ்சிவப்புத் திட்டு வந்தால் அது உப்பில் வாழும் பாக்டீரியா. சூடான குடோன், ஈரம், திரும்பப் பயன்படுத்திய உப்பு, இந்த மூன்றில் ஒன்றாவது அங்கே இருக்கும். அந்தத் தோல்களை உடனே பிரித்து, பழைய உப்பை உதறி, சோடா கலந்த புது உப்பிட்டு, காத்திருக்காமல் ஷாப்புக்கு அனுப்புங்கள். மற்ற தோல்களோடு வைத்தால் எல்லாவற்றுக்கும் ஏறும். உதறிய உப்பை "வெள்ளையாகத்தானே இருக்கிறது" என்று அடுத்த தோலுக்குப் போடுவதே இந்த நோயைப் பரப்பும் வழி.

பக்ரீத்தும் சந்தை நாளும்

பொய்கை, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் சந்தைகளை ஒட்டிய நாட்களிலும், ஆடி மாதக் கிடாவெட்டிலும் தோல் கூடுதலாக வரும். பக்ரீத் அன்றோ ஒரே காலைப் பொழுதில் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். 2025இல் பக்ரீத் ஜூன் 7. ஆண்டுக்கு பத்து, பதினொரு நாள் முன்னே நகர்வதால் அடுத்த சில ஆண்டுகள் அது மே மாதத்திலேயே, கத்திரி வெயிலோடும் அதை ஒட்டியும் வரும். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் கொடையாக வரும் தோல்கள் வெயிலில் குவிந்து கெடுவதைப் போல மனம் வலிக்கும் நஷ்டம் வேறில்லை; அந்தப் பணத்தில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

200 தோல் வரும் என்றால் கணக்கு இது: சராசரி இரண்டு கிலோ வைத்தால் 400 கிலோ, உப்பு 160 கிலோ. 50 கிலோ மூட்டை நான்கு, முந்தின நாளே நிழலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். நிழலுக்கு ஷாமியானா, பத்துத் தோலுக்கு ஒரு வண்டி என்று காத்திராமல் வீடு வீடாகச் சுற்றும் இரண்டு சைக்கிள் அல்லது ஆட்டோ, உப்பிட ஆறு பேர். வந்த தோல் ஒவ்வொன்றிலும் வந்த நேரத்தைச் சுண்ணாம்புக் குச்சியால் எழுதிய அட்டையைச் செருகுங்கள். பழையதிலிருந்து உப்பிடத் தொடங்க அது உதவும். ஷாப் பத்து, இருபது கிலோமீட்டருக்குள் இருந்து, அன்றே ஊறல் தொட்டியில் இறக்க அவர்கள் சம்மதித்தால் உப்பே வேண்டாம். உடைத்த ஐஸைத் தோல்களுக்கு இடையே போட்டு நேராகக் கொண்டுபோவதுதான் இந்த ஊருக்கு ஏற்ற மிகச் சிறந்த வழி. நம் பக்கம் அந்த வசதி இருந்தும் அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு.

உப்பே கிடைக்காத மலைக் கிராமத்தில் காயவைக்கலாம். நிழலில், காற்றோட்டத்தில், கயிற்றின்மேல் மடிப்பில்லாமல் தொங்கவிட்டு இரண்டு முதல் நாலு நாள். நேர் வெயிலில் மேல்பக்கம் அப்பளமாகக் காய்ந்து மூடிக்கொள்ளும், உள் ஈரம் வெளியே வர வழியின்றி நடு அழுகும். ஊறவைத்தால் கொப்புளமாகப் பிரியும். காய்ந்த தோலை மடித்தால் மடிப்பில் வெடிக்கும், தட்டையாகவே அனுப்புங்கள்.

தொடக் கூடாத தோல்

திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வந்த ஆடு, மாடு எதையும் உரிக்காதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ் நோயாக) இருக்கலாம். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறி மண்ணில் பல ஆண்டு கிடக்கும். உப்பு அந்த வித்தைக் கொல்லாது. தோலைத் தூக்குபவர், மண்டியில் பிரிப்பவர், ஷாப்பில் கையாளுபவர் எல்லோருக்கும் ஆபத்து. கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் சொல்லும்படி சுண்ணாம்பிட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும். கையில் புண் இருப்பவர்கள் எந்தத் தோலையும் கையுறை இல்லாமல் உப்பிடக் கூடாது.

கட்டி அனுப்புதல்

அனுப்பும் முன் ஒவ்வொரு தோலையும் இரண்டு பேர் பிடித்து நன்றாக உதறுங்கள். பிடிக்காத உப்பு இங்கேயே உதிரட்டும், ஊறல் தொட்டிக்குப் போக வேண்டாம். சதைப்பக்கம் உள்ளே இருக்கும்படி முதுகோடு மடித்து, தேங்காய் நார்க் கயிற்றால் கட்டுங்கள். இரும்புக் கம்பி கூடாது. வண்டியின் இரும்புத் தளத்தில் சாக்கோ பலகையோ விரியுங்கள், ஐப்பசி கார்த்திகையில் தார்ப்பாய் இல்லாமல் ஏற்றாதீர்கள். ஒரு மழை உப்பைக் கழுவிவிட்டால் மறுநாளே கெட ஆரம்பிக்கும். கட்டோடு ஒரு சீட்டு: அறுத்த நாள், உப்பிட்ட நேரம், எத்தனை தோல், மொத்த எடை, போட்ட உப்பு. ஷாப்பில் குறை சொன்னால் எந்த இடத்தில் தவறியது என்று அந்தச் சீட்டை வைத்துத்தான் இரண்டு பேரும் பேச முடியும்.